கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்கு நம் ஊரில் மூன்று கேள்விகள் காத்திருக்கும். ரயிலில், "கூட யாரும் வரலையாம்மா?" லாட்ஜ் வரவேற்பில், "சார் பின்னாடி வர்றாரா மேடம்?" திரும்பி வந்த பிறகு பக்கத்து வீட்டில், "அப்படி என்னத்தைத் தனியா போய்ப் பார்த்துட்டு வந்தே?" முதல் இரண்டையும் சிரித்துக் கடந்துவிடலாம். மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம், அந்தமானின் ஷாகீத் தீவு, யாழ்ப்பாணத்து நெடுந்தீவு. நான் தனியாகப் போய்வந்த இந்த மூன்று தீவுகளும்தான் அந்தப் பதில்.

ஏரிக்கரையிலிருந்து கடலுக்கு

நான் இருப்பது செம்பரம்பாக்கத்தில். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் கரைமேல் நின்றால் அலை வந்து கல்லில் மோதும். எதிர்க்கரை மங்கலாகிவிடும். தர்மபுரி, அரியலூர், பெரம்பலூர் பக்கமிருந்து வேலைக்கு வந்த பெண்கள் முதல் தடவை பார்த்ததும் சொல்வது ஒன்றுதான்: "அய்யோ, கடல் மாதிரியே இருக்குக்கா!"

இந்தப் பக்கம் ஏரி என்றால், அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். கார், செல்போன், உதிரிபாகம், கண்ணாடி, டயர் என எல்லாம் இங்கே தயாராகின்றன. ஷிப்ட் மாறும் நேரத்தில் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் தேர் போல ஊர்ந்து போகும். நானும் அப்படி ஒரு பஸ்ஸில் போய் வருபவள்தான்.

ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எனக்கு வார விடுமுறை செவ்வாய் என்றால், தோழிக்கு வியாழன். அவளுக்கு நைட் ஷிப்ட் முடியும்போது எனக்குக் காலை ஷிப்ட் தொடங்கும். "எல்லாரும் சேர்ந்து ஒரு டூர் போகலாம்டி" என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, அதற்குப் பெயர் வைத்து, படமும் வைத்து, கடைசியில் பொங்கல் வாழ்த்து மட்டும் அனுப்பிக்கொண்டிருப்போம். நான் தனியாகக் கிளம்பியதற்குக் காரணம் துணிச்சல் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். லீவு ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான்.

அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு நிபந்தனைகள் போட்டார். இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிட வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்ய வேண்டும். முதல் நிபந்தனை எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ராமேஸ்வரம்: ஆண் கடல், பெண் கடல்

முதல் முறை நான் ராமேஸ்வரம் போனபோது ரயில் மண்டபத்தோடு நின்றுவிட்டது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் பழுதாகி, 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடுவதை நிறுத்தியிருந்தார்கள். மண்டபத்தில் இறங்கி, 1988இல் கட்டி முடித்த சாலைப் பாலத்தின் வழியாகப் பஸ்ஸில் தீவுக்குள் போனேன். பஸ் பாலத்தின் உச்சிக்கு வந்ததும் பயணிகள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். கீழே படகுகள் தீப்பெட்டிகள் போல இருந்தன.

இரண்டாம் முறை போனபோது புதிய ரயில் பாலம் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். கடலுக்கு நடுவே இப்படி லிப்ட் போல ஏறி இறங்கும் பாலம் இந்தியாவில் இதுதான் முதல். அதே நாளில் தாம்பரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஒரு புதிய ரயிலும் விட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பெரிய வசதி. எழும்பூர் வரை அலைய வேண்டாம். மாலையில் தாம்பரத்தில் ஏறிப் படுத்தால், விடியும் நேரத்தில் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் கடல்.

ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பதுதான் சிரமமாக இருந்தது. முதலில் போன லாட்ஜில், "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் தர்றதில்லம்மா" என்றார்கள். ஆதார் அட்டை, கம்பெனி அடையாள அட்டை இரண்டையும் காட்டினேன். "அதெல்லாம் சரிம்மா. ஓனர் சொல்லியிருக்காரு" என்பதுதான் பதில். அடுத்த இடத்திலும் அதே கதை. தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. மூன்றாவது இடத்தில் வரவேற்பில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் சாவியைக் கொடுத்து, "வெந்நீர் ஆறு மணிக்கு வரும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முன்கூட்டியே போன் செய்து, "நான் தனியாக வரும் பெண். அறை உண்டா?" என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் வேலை மிச்சம்.

கோயிலில் 22 தீர்த்தங்களிலும் குளித்து, 1,212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தில் ஈரத்துணியோடு நடந்து, மதியம் தனுஷ்கோடிக்கு டவுன் பஸ் பிடித்தேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்து, பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன இடம் அது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. அதற்கு முன் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் 'போட் மெயில்' ஏறி இங்கே வந்து, கப்பல் மாறித் தலைமன்னார் போவார்கள். இப்போது மிச்சம் இருப்பது மாதா கோயிலின் சுவர்களும், ரயில் நிலையத்தின் உடைந்த வளைவுகளும்தான்.

அதையும் தாண்டி அரிச்சல்முனை. 2017இல்தான் அங்கே வரை தார்ச்சாலை வந்தது. சாலை முடியும் இடத்தில் நின்றால் இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. ஒன்று குளம் போலப் படுத்திருக்கும். மற்றொன்று புரண்டுகொண்டே இருக்கும். உள்ளூரில் அமைதியான கடலைப் 'பெண் கடல்' என்பார்கள், சீறுகிற கடலை 'ஆண் கடல்' என்பார்கள். இரண்டும் சேரும் இடத்தில் அடியிழுப்பு பலமாக இருக்கும். குளிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாலை நெருங்கியதும் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் கிளப்பினார். குடும்பம், காதலர்கள், பைக்கில் வந்த பையன்கள், நான் என எல்லோரும் கிளம்பினோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு ஒரு வித்தியாசம் உறைத்தது. காலையில் லாட்ஜில் சொன்னதும் ஒரு விதி. மாலையில் போலீஸ்காரர் சொன்னதும் ஒரு விதி. ஒன்று நான் பெண் என்பதால் எனக்கு மட்டும் போட்டது. மற்றொன்று கடல் எல்லோருக்கும் போட்டது. முதல் வகை விதியோடு சண்டை போடலாம், வேறு கதவைத் தட்டலாம். இரண்டாவது வகையோடு சண்டை போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தனுஷ்கோடியே சாட்சி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் தனியாகப் போவதில் பாதிப் பயம் போய்விடும்.

பாசி எடுக்கும் அக்காக்கள்

பாம்பன் பக்கம் ஒரு கரையில், மணலில் பாசியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் எல்லாம் வெட்டுக்காயத் தழும்புகள்.

"தனியாவா வந்தே?" என்றார்.

"ஆமாக்கா."

"நல்லது. கடல்ல மட்டும் தனியா இறங்காத" என்றார்.

மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகள் உண்டு. 1986இல் அந்தப் பகுதியைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில்தான் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெண்கள் மூழ்கிப் பாசி எடுத்து வருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அதில் வகைகள் உண்டு. ஐஸ்கிரீம், மருந்து, துணிச் சாயம் என்று பல தொழில்களுக்கு அது மூலப்பொருள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரலில் சுற்றிய துணி. மூச்சு விடும் கருவியெல்லாம் கிடையாது. தேசியப் பூங்கா வந்த பிறகு வனத்துறைக்கும் இவர்களுக்கும் இழுபறிதான். பாசி அழியாமல் இருக்க, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் மொத்தம் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் 'சீகாலஜி' என்ற சர்வதேச விருது கிடைத்தது இந்த உழைப்புக்காகத்தான்.

"படகுல பத்துப் பேரு போவோம். தண்ணிக்குள்ள ஆளுக்கொரு பக்கம் முங்குவோம். ஒருத்தி மூஞ்சி ஒருத்திக்குத் தெரியாது. ஆனா திரும்பும்போது தலையை எண்ணிட்டுத்தான் படகை எடுப்போம்" என்றார் அந்த அக்கா.

பெண் கடல், ஆண் கடல் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார். "பேரு வச்சது ஆம்பளைங்கதானே? வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல வந்து பாரு. உங்க பொம்பளக் கடல் என்னா ஆட்டம் ஆடுதுன்னு தெரியும்."

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தபோது, ஒன்பது மணிப் போன் என்பது கண்காணிப்பு இல்லை, தலை எண்ணுவது என்று புரிந்தது. பிறகு நான் எந்தப் பயணத்திலும் அந்தப் போனைத் தள்ளிப்போட்டதில்லை.

ஷாகீத் தீவு: ஐந்து மணிக்கே இருட்டு

அடுத்து, வருஷ லீவைச் சேர்த்து வைத்து அந்தமான். சென்னையிலிருந்து கப்பலிலும் போகலாம். ஆனால் போகவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். என் லீவில் அது அடங்காது. விமானத்தில் இரண்டே கால் மணி நேரத்தில் ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கிவிட்டேன். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் வைத்த புதிய பெயர் அது.

தமிழ் மட்டும் தெரிந்த ஆளும் தைரியமாகப் போகக்கூடிய ஊர். ஆட்டோக்காரர், காய்கறிக் கடைக்காரர், டீக்கடைக்காரர் என்று திரும்பிய பக்கமெல்லாம் தமிழ் காதில் விழும். 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை அரசுப் படகில் ஷாகீத் தீவுக்குக் கிளம்பினேன். பழைய பெயர் நீல் தீவு. ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும், நீலை ஷாகீத் தீவு என்றும் 2018 டிசம்பரில் மாற்றினார்கள். படகில் இரண்டு மணி நேரம். பறக்கும் மீன்கள் தண்ணீருக்கு மேல் வெள்ளிக் காசு சுண்டியது போலத் துள்ளிக்கொண்டு கூடவே வந்தன.

சின்னத் தீவு அது. வாடகைச் சைக்கிள் எடுத்தால் அரை நாளில் சுற்றிவிடலாம். கடற்கரைகளுக்கு பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று ராமாயணப் பெயர்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்ந்தவர்கள் காட்டைத் திருத்தி விவசாயம் செய்கிறார்கள். வழியெல்லாம் வாழை, கத்தரி, பாக்கு. கடற்கரைக்குப் போகும் வழியில் கத்தரித் தோட்டம் இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இங்கே கடிகாரத்தை மறந்துவிட வேண்டும். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. ஆனால் நேரம் மட்டும் இந்திய நேரம். அதனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். கடலுக்குள் பாறை வளைந்து பாலம் போல நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் வற்றம் எப்போது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். கடல் வற்றிய நேரத்தில் பாறைக் குழிகளில் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் கிடக்கும். ஏற்றம் தொடங்கினால் போன வழியே காணாமல் போய்விடும். உப்புநீர் முதலைகள் இருப்பதால் எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. சங்கு, பவளம் எதையும் பொறுக்கிக்கொண்டு வரக் கூடாது. விமான நிலையச் சோதனையில் பிடித்து வாங்கிவிடுவார்கள்.

தனி ஆளுக்கு இங்கே வேறு ஒரு சிக்கல். கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் பவளப் பாறை பார்க்கப் போனால், ஆள் சேர்ந்தால்தான் படகு எடுப்பார்கள். அறையும் இரண்டு பேருக்கான வாடகைதான். தனியாக வருகிறவர் எப்போதும் பாதி ஆளுக்குச் சேர்த்துக் காசு கொடுக்கிறார். நான் கரையில் காத்திருந்தபோது சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் என்னைச் சேர்த்துக்கொண்டது. கணவன், மனைவி, இரண்டு பையன்கள், மாமியார்.

படகில் பையன்கள் கண்ணாடிமேல் கவிழ்ந்து கிடந்தார்கள். அந்த அக்கா மட்டும் பாதி நேரம் பிஸ்கட் பாக்கெட் பிரிப்பதிலும், மாமியாருக்குத் தலைசுற்றல் மாத்திரை தேடுவதிலும் இருந்தார். கரைக்கு வந்ததும் மெதுவாக என்னிடம், "தனியா வந்தா ஒண்ணு நல்லா இருக்கும்ல? பசிச்சா நமக்கு மட்டும் பசிக்கும்" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிறகு, "நீ பாத்த மீனெல்லாம் நான் பாக்கவே இல்ல" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த அக்கா தனியாகக் கடற்கரைக்கு வந்தார். அறையில் எல்லோரும் தூங்குகிறார்களாம். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றார். அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நெடுந்தீவு: "நாங்கள் எல்லா இடமும் தனியத்தான்"

மூன்றாவது தீவுக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கியது. மழைக்காலம் வந்து நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மறுபடி கிளம்பியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். செம்பரம்பாக்கத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் நேரத்தைவிட, நாகப்பட்டினத்திலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் நேரம் குறைவு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கப்பல் ஓடாது. கடல் மோசமானால் மற்ற நாட்களிலும் ரத்தாகும். அதனால் திரும்பி வந்த மறுநாளே ஷிப்ட் என்று திட்டம் போடவே கூடாது. இரண்டு நாள் இடைவெளி வைத்துக்கொண்டுதான் நான் போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான். இருபுறமும் ஆழமில்லாத கடல், நடுவே ஒற்றைச் சாலை. அந்தத் துறையிலிருந்து ஒரு படகு நயினாதீவுக்குப் போகும். நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதில் ஏறுவார்கள். இன்னொரு படகு நெடுந்தீவுக்கு. ஒரு மணி நேரம். கொஞ்ச தூரம் போனதும் படகு நன்றாகவே ஆடியது. வாழைக்குலை, சிமென்ட் மூட்டை, கோழிக்கூடு, பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஆகியோரோடு நானும் ஒரு சாமானைப் போல இறுகிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா. என் பேச்சைக் கேட்டதுமே, "இந்தியாவோ பிள்ளை? தனியவோ வந்தனீங்கள்?" என்றார்.

"ஆமாம்மா. ஊர் பார்க்க" என்றேன். இந்த முறையும் அறிவுரை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"தனியப் போறதெண்டா என்ன? நாங்கள் எல்லா இடமும் தனியத்தான் போய் வாறம். ஆஸ்பத்திரிக்கும் தனிய, கச்சேரிக்கும் தனிய. சண்டைக்குப் பிறகு கூட வர ஆர் இருக்கினம்?" என்றார். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் அரசு அலுவலகம். சாதாரணமாகச் சொன்னார். மடியில் மருத்துவமனைக் கொப்பி இருந்தது. மாதம் ஒரு தடவை மருந்துக்காக யாழ்ப்பாணம் போய் வருகிறாராம்.

இந்தக் கடல் வழிக்கும் ஒரு நினைவு உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகை நடுக்கடலில் மறித்து, அதில் இருந்த பொதுமக்களைக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். ஆண்டுதோறும் அந்த நாளில் தீவு மக்கள் அவர்களை நினைவுகூர்கிறார்கள். நாம் விடுமுறைக்குப் போகிற கடல், அவர்கள் தினமும் கடக்க வேண்டியிருக்கும் கடல் என்பதைப் படகில் ஏறும்போதே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மாவிலித்துறையில் இறங்கினால் தீவு முழுக்கப் பவளக் கல் வேலிகள். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்மேல் கல்லை அடுக்கியே தோட்டங்களுக்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். பொட்டல் வெளியில் மட்டக்குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. அந்நியர் ஆட்சிக் காலத்தில் வந்த குதிரைகளின் வம்சம் என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஒன்று, அடியில் ஆள் புகுந்து நிற்கும் பொந்தோடு நிற்கிறது. நல்ல தண்ணீர் அருமையான தீவு. போகிறவர்கள் குடிநீர் கொண்டுபோவதும், காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவதும் மரியாதை.

துறையில் இருந்த கடைக்காரரிடம் கடைசிப் படகு நேரத்தைக் கேட்டேன். நேரத்தைச் சொல்லிவிட்டு, "அரை மணித்தியாலம் முதலே வந்திடுங்கோ. பிந்தினால் இரவுக்கு இஞ்சதான், விளங்குதோ?" என்றார். சொன்னபடி முன்னதாகவே வந்தேன். அதே அம்மாவின் பேத்தி துறையில் நின்று பள்ளிக்கூடப் பையோடு யாருக்காகவோ காத்திருந்தாள். இந்தத் தீவில் எல்லோருக்கும் கடைசிப் படகின் நேரம் மனப்பாடம்.

தலை எண்ண ஓர் ஆள்

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் எங்கிருந்தெல்லாமோ பெட்டியோடு ஸ்ரீபெரும்புதூரில் வந்து இறங்குகிறார்கள். தெரியாத ஊர், தெரியாத விடுதி, ராத்திரி ஷிப்ட். அப்போது "கூட யாரும் வரலையா?" என்று யாரும் கேட்பதில்லை. சம்பாதிக்கத் தனியாக வரலாம். அந்தச் சம்பளத்தில் இரண்டு நாள் கடல் பார்க்கத் தனியாகப் போனால் மட்டும் ஊரே கேள்வி கேட்கிறது. நெடுந்தீவு அம்மாவைப் போல, பாம்பன் அக்காவைப் போல, நம் பெண்கள் எப்போதோ தனியாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். சந்தோஷத்துக்காகப் போவதுதான் புதிது.

கிளம்ப நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சில விஷயங்கள்:

தீவில் கால் வைத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" அடுத்தது, "அது இன்று உண்டா?" அட்டவணைப் பலகையை நம்பாமல், துறையில் இருக்கும் ஆளிடம் கேளுங்கள்.

எந்த மாதத்தில் எந்தக் கடல் அடங்கியிருக்கும் என்று பார்த்துப் போங்கள். வங்கக் கடலோரம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகக் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மீன் சாப்பாட்டுக்காக மட்டும் போகிறவர்கள் ஏமாற வேண்டாம்.

உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நீச்சல் தெரிந்தாலும் சரி, பத்து நிமிடப் பயணமானாலும் சரி, சட்டை வேண்டும்.

ரயில் எண், இருக்கை எண், தங்கும் இடத்தின் பெயர்ப் பலகைப் படம், இவற்றை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, ரயிலில் 139, எந்த அவசரத்துக்கும் 112. தமிழகக் கடலோரக் காவலுக்கு 1093. இரவு ஒரு போன். தண்ணீருக்குள் தனியாக மூழ்கலாம். கரையில் தலை எண்ண ஓர் ஆள் வேண்டும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இரண்டாம் வகுப்புப் படுக்கை, சாதாரண அறை, டவுன் பஸ் என்று போனால் ராமேஸ்வரம் எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. அந்தமானுக்குத்தான் ஒரு வருஷம் சீட்டுப் போட்டேன்.

முதல் முறையே தீவுக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. எங்கள் விடுதியில் இருக்கும் தர்மபுரிப் பெண் ஒருத்திக்கு அடுத்த செவ்வாய் விடுமுறை. மெரினாவைத் தவிர வேறு கடலைப் பார்த்ததில்லை. பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து பஸ் மாறிப் பழவேற்காடு போகப் போகிறாள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும், ஏரியில் பூநாரைகள் இருந்தால் அவற்றையும் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுவாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூட வருகிறாயா என்று கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, அங்கேயிருந்து பொன்னேரிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.